மருந்துச் சீட்டில் எடையையும் எழுதித் தாருங்கள்

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த பத்தாவது நாள், மருத்துவர் தையலைப் பிரித்துவிட்டு, "இனி ஸ்குவாட் கூடாது, கனமான எதையும் தூக்கக் கூடாது" என்றார். ஸ்குவாட் என்றால் எடைக் கம்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டு குந்தி எழுவது. "எத்தனை கிலோவுக்கு மேல் கனம்?" என்று கேட்டேன். "கனம் என்றால் கனம்தான்" என்றார். அவருடைய கைத்திறனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வலி மாத்திரையை எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, உணவுக்கு முன்பா பின்பா என்று வரி வரியாக எழுதிக் கொடுத்தவர், என் முழங்கால் இனி வாழ்நாள் முழுவதும் சுமக்கவேண்டிய எடையை ஒரே சொல்லில் முடித்துவிட்டார். பதினொரு மாதமாக அந்தக் கோபம் அடங்கவில்லை. இன்று எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

என் தவறை முதலில் சொல்லிவிடுவது நியாயம். முழங்காலில் அடிபட்ட அன்று 140 கிலோ ஸ்குவாட் நல்லபடியாக முடிந்தது. கம்பியைத் தாங்கியில் வைத்துவிட்டு, தரையில் கிடந்த 20 கிலோ தட்டை எடுக்கக் குனிந்து குந்தினேன். எழும்போதே உடம்பை வலப்பக்கம் திருப்பினேன். பாதம் ஊன்றிய இடத்திலேயே இருந்தது, தொடை மட்டும் திரும்பியது. உள்ளே 'நறுக்' என்று ஒரு சத்தம். மடங்கிய முழங்கால்மேல் எடையும் முறுக்கும் ஒன்றாக இறங்கினால், மூட்டுக்குள் மெத்தைபோல் கிடக்கும் மெனிஸ்கஸ் கிழியும் என்பது பழைய பாடம். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். முழங்கால் உறையை மாட்டிக்கொண்டு மேலும் மூன்று மாதம் தூக்கினேன். மாலையில் வீங்கும், படி இறங்கினால் வலிக்கும், 'வார்ம் அப் போதவில்லை' என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒருநாள் காலை நாற்காலியை விட்டு எழுந்தபோது கால் பாதி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டது. அப்போதுதான் பயம் வந்தது.

நம் பேச்சில் முழங்காலுக்குள் இருப்பதெல்லாம் ஜவ்வு. எலும்போடு எலும்பைக் கட்டும் நாரும் ஜவ்வு, நடுவில் பிறை வடிவில் கிடக்கும் மெனிஸ்கஸும் ஜவ்வு, எலும்பு முனையை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பும் ஜவ்வு. "ஜவ்வு போய்விட்டது" என்று யாராவது சொன்னால் எந்த ஜவ்வு என்று கேட்டுவிடுங்கள். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. மெனிஸ்கஸின் வெளி விளிம்பில் இரத்த ஓட்டம் உண்டு, அங்கே கிழிந்தால் தைத்து ஆறவைக்க வழி இருக்கிறது. உட்பகுதியில் அது இல்லை, பெரும்பாலும் கிழிந்ததைச் சீவி எடுத்துவிடுகிறார்கள். குருத்தெலும்பின் கதை இன்னும் மோசம். பெரும்பாலான இடங்களில் 2 முதல் 4 மில்லிமீட்டர் கனமே உள்ள அந்தப் படலத்தில் இரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. அழிந்தால் மீளாது என்று வில்லியம் ஹன்டர் 1743-இல் எழுதியது, இந்த இரண்டு நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில் பெரிதாக மாறிவிடவில்லை. நரம்பு இல்லாததால் தேய்மானத்தை அது நேரடியாகச் சொல்வதும் இல்லை. அடியிலுள்ள எலும்போ சுற்றியுள்ள சவ்வோ எரிச்சலடைந்த பிறகுதான் நமக்கு வலிக்கிறது. மூன்று மாதம் நான் துணிச்சலாகத் தூக்கியதற்கு வீரம் காரணமல்ல, அந்த இடத்துக்கு வாயில்லை.

சிறு துளை வழியே கேமராவை நுழைத்துச் செய்யும் ஆர்த்ராஸ்கோபியில் இரண்டு வேலை நடந்தது. மெனிஸ்கஸில் மடிந்து சிக்கிக்கொண்டிருந்த துண்டை வெட்டி எடுத்தார்கள். தொடை எலும்பின் உட்பக்க முனையில், சுண்டுவிரல் நகம் அளவுக்குக் குருத்தெலும்பு எலும்புவரை போயிருந்தது. அங்கே எலும்பில் சின்னச் சின்னத் துளைகள் போட்டார்கள். மைக்ரோஃபிராக்சர் என்று பெயர், 1980-களில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டெட்மன் உருவாக்கிய முறை. மஜ்ஜையிலிருந்து கசியும் இரத்தம் அங்கே உறைந்து, மெல்ல மெல்ல ஒரு நார்த்தன்மையுள்ள குருத்தெலும்பாக மாறும். பழைய பொருள் திரும்பி வராது. விரிசலில் பூசிய சாந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பிடிக்கும்வரை ஆறு வாரம் ஊன்றுகோல்.

அறுவை சிகிச்சை தேவைதானா என்று பலர் கேட்டார்கள். நல்ல கேள்வி. 2013-இல் வெளியான பின்லாந்து ஆய்வில், விபத்தில்லாமல் தானாகத் தேய்ந்து கிழிந்த மெனிஸ்கஸ் உள்ள 146 பேரில் ஒரு பாதிக்கு உண்மையாகவே சீவிவிட்டு, மறுபாதிக்குச் சீவியதுபோல் பாவனை மட்டும் செய்தார்கள். ஓராண்டு கழித்து இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2008-இல் வந்த இன்னோர் ஆய்வில், ஐம்பது வயது கடந்தவர்களை ஸ்கேன் செய்து பார்த்தபோது, கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்கால் தொந்தரவே இருந்திருக்கவில்லை. எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் பார்த்த மாத்திரத்தில் கத்தியைத் தேடி ஓடவேண்டாம் என்பதற்கு இவ்வளவு போதும். என் கால் பூட்டிக்கொண்டது, அதனால் நான் ஒப்புக்கொண்டேன். வெறும் வலி மட்டும் என்றால் முதலில் சில மாதம் பயிற்சியைத்தான் முயன்றிருப்பேன்.

அறுவைக்கு மறுநாள் நடந்ததை மறக்க முடியாது. "காலை நீட்டியபடி படுக்கையிலிருந்து தூக்குங்கள்" என்றார்கள். தூக்க நினைத்தேன், கால் வரவில்லை. வலி கூடப் பெரிதாக இல்லை. கட்டளை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். மூட்டுக்குள் நீர் கோத்தால் தொடையின் முன்தசைக்குப் போகும் நரம்புத் தூண்டுதலை உடம்பே அடக்கிவிடுகிறது. ஆறு வாரத்தில் அந்தத் தொடை நாலு சென்டிமீட்டர் சுருங்கியிருந்தது. தையல்காரர் அளவு நாடாவை வைத்து ஞாயிறுதோறும் அளந்துகொண்டு, ஒரு பரிதாபமான கணக்குப்பிள்ளை ஆகிவிட்டேன்.

எனக்கு எடையை எழுதித் தந்தவர் இயன்முறை மருத்துவரான ஓர் அம்மா. முதல் வாரம்: முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு, அதை அழுத்தித் தசையை இறுக்கு, பத்து எண்ணு, விடு. "அந்தக் கால் படுத்திருக்கட்டும், நல்ல காலுக்கு என்ன வந்தது?" என்று மற்றக் காலுக்கு, காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் எழுதினார். ஒரு பக்கத்தைப் பயிற்றினால் மறுபக்கத்துக்கும் கொஞ்சம் பலம் சேரும் என்பது 1894-இலேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கவனித்த விஷயமாம். பன்னிரண்டாம் வாரம்: உயரமான பெட்டியில் உட்கார்ந்து எழுவது, எடை இல்லாமல், 8 முறை, 3 சுற்று. அதன் பின் வெறும் கம்பி. ஒரே ஒரு நிபந்தனை: மறுநாள் காலை முழங்கால் முந்தின நாளைவிடப் பருத்திருந்தால், கடைசியாகச் செய்ததில் பாதிக்குத் திரும்பிப் போகவேண்டும். வாதாட இடமில்லை. நான் இரண்டு முறை வாதாடினேன், இரண்டு முறையும் காலையில் முழங்கால் அவர் பக்கம் சாட்சி சொன்னது.

குருத்தெலும்புக்கு இரத்தம் இல்லை என்றேனே, பின் எப்படி உயிர் வாழ்கிறது? எடை விழும்போது பிழிபட்டு, எடை விலகும்போது மூட்டு நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அதற்குச் சாப்பாடே அதுதான். நெடுநாள் அசையாமல் கிடக்கும் காலில் அது மெலிந்துபோகிறது. அப்படியிருக்க "எதையும் தூக்காதே" என்பதைப் பத்தியம் என்று எப்படிச் சொல்வது? பட்டினி என்றுதான் சொல்லவேண்டும். மறுபக்கம் ஜிம் நண்பர்கள். "வலியைத் தாண்டினால்தான் வளர்ச்சி" என்று ஒருவர், மூட்டுக்கு நல்லது என்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரை டப்பாவோடு இன்னொருவர். 1,583 பேரை வைத்து நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் அந்த மாத்திரை மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை என்று நான் சொன்னதும் அவருக்கு என்மேல் வருத்தம். மருத்துவரும் சரி, இவர்களும் சரி, யாரிடமும் ஓர் எண் இல்லை.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அந்த அம்மாவின் நோட்டை எடுத்துப் போனேன். மருத்துவர் நாலைந்து பக்கம் புரட்டிவிட்டு, "இவ்வளவா செய்கிறீர்கள்?" என்றார். கண்டிக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. பழைய சீட்டில் இருந்த 'ஸ்குவாட் கூடாது' மட்டும் புதிய சீட்டில் இல்லை. அந்த இடத்தில் வேறு எதையும் அவர் எழுதவும் இல்லை.

நேற்று 70 கிலோ, 5 முறை, 3 சுற்று, தொடை தரைக்கு இணையாக வரும்வரை. இன்று காலை வீக்கம் இல்லை. படி இறங்கும்போது மட்டும் இன்னும் கைப்பிடியைத் தேடுகிறேன்.