முப்பத்தெட்டு உருப்படி

(தெருமுனை இஸ்திரி வண்டி. மாணிக்கம் பெட்டிக்குக் கரி போட்டு விசிறிக்கொண்டிருக்கிறார். ஓய்வுபெற்ற தணிகாசலம் ஒரு டீ-ஷர்ட்டோடு வருகிறார்.)

மாணிக்கம்: என்ன சார், சட்டையில ஒருத்தர் தடியைத் தூக்கிட்டு நிக்கிறாரு? பாம்பு அடிக்கிறாரா?

தணிகாசலம்: கோல்ஃப்ப்பா! தடியால பந்தை அடிச்சுக் குழியில தள்ளுற ஆட்டம். பையன் வாங்கிக் கொடுத்தான். அதுல இருந்து ஹாரஸ் ஹட்சின்சனைப் பத்தியே படிச்சிட்டிருக்கேன்.

மாணிக்கம்: யாரு, உங்க சம்பந்தியா?

தணிகாசலம்: வெள்ளைக்கார கோல்ஃப் ஆட்டக்காரர். 1859ல பொறந்தவர். இங்கிலாந்துல டெவன் கடற்கரைப் பக்கம் வெஸ்ட்வர்ட் ஹோன்னு ஒரு ஊர். அங்க ஆடிப் பழகினவர். அந்த ஊர்ப் பேரை ஆச்சரியக்குறி போட்டுத்தான் எழுதணும்.

மாணிக்கம்: எங்க வீட்டு கரண்டு பில்லுக்குத்தான் சார் அந்தக் குறி வேணும்.

தணிகாசலம்: கேளு. அங்க மைதானமே மேய்ச்சல் நிலம். ஆட்டுக்கு நடுவுல பந்தடிப்பாங்க. மெடல் ஜெயிக்கிறவர்தான் கிளப்புக்குக் கேப்டன்னு விதி. இவர் பதினாறு வயசுலயே ஜெயிச்சுட்டார். பெரிய மனுஷங்க கூட்டத்துக்கு மீசை முளைக்காத பையன் தலைமை!

மாணிக்கம்: அப்புறம்?

தணிகாசலம்: விதியை மாத்திட்டாங்க.

மாணிக்கம்: அங்கயும் குடியிருப்போர் சங்கம்தானா!

தணிகாசலம்: ஆனா அவர் விடலையே. 1885ல ஹாய்லேக்ல நடந்த முதல் அமெச்சூர் போட்டியில ரெண்டாவது. 1886லயும் 1887லயும் அமெச்சூர் சாம்பியன்!

மாணிக்கம்: அமெச்சூர்னா?

தணிகாசலம்: காசு வாங்காம ஆடுறவர்.

மாணிக்கம்: (பெட்டியைக் கீழே வைத்து) அப்போ நானும் அமெச்சூர்தான் சார். போன மாசம் உங்க வீட்டுத் துணி முப்பத்தெட்டு உருப்படி.

தணிகாசலம்: (காதில் விழாதது போல்) எழுதவும் செஞ்சாரு! கோல்ஃப் ஆடுறது எப்படின்னு 1886லயே புத்தகம் போட்டார். மீன்பிடி, கிரிக்கெட், எதையும் விடல. கனவுக்குப் பலன்கூட எழுதியிருக்கார்.

மாணிக்கம்: பாக்கி வசூலாகிற மாதிரி நான் கனவு கண்டேன். அதுக்குப் பலன் போட்டிருக்காரா?

தணிகாசலம்: அவருக்கே பலிக்காத கனவு ஒண்ணு இருக்குப்பா. ஓப்பன்னு ஒரு பெரிய போட்டி, காசு வாங்குறவரும் வாங்காதவரும் சேர்ந்து ஆடுறது. அது வரைக்கும் அதுல மொத்தம் முப்பத்தாறு குழிதான் ஆடணும். 1892ல மியூர்ஃபீல்டு மைதானத்துல முப்பத்தாறு முடிஞ்சப்ப இவர்தான் முதலிடம்.

மாணிக்கம்: அப்போ கப்பு?

தணிகாசலம்: அந்த வருஷம்தான் எழுபத்திரண்டு குழியாக்கினாங்க. மறுநாள் பத்தாவது இடத்துக்குப் போயிட்டார்.

மாணிக்கம்: ஐயோ பாவம். அவருக்குன்னே விதியை மாத்துறதுக்கு ஆள் வெச்சிருக்காங்க.

தணிகாசலம்: இன்னும் கேளு. அவங்க வீட்டுல எடுபிடி வேலைக்கு ஒரு பையன் இருந்தான். ஜான் ஹென்றி டெய்லர். பிற்பாடு ஓப்பனை அஞ்சு தடவை ஜெயிச்சான்! எசமான் ஒரு தடவைகூட ஜெயிக்கல.

மாணிக்கம்: (பெட்டியை மறுபடி எடுத்து) இதை முதல்லயே சொல்லியிருக்கணும் சார். அந்தப் பையன் அமெச்சூரா?

தணிகாசலம்: இல்ல, தொழில்முறை. காசு வாங்கித்தான் ஆடினான்.

மாணிக்கம்: அதான் ஜெயிச்சிருக்கான்.

தணிகாசலம்: ஹட்சின்சனும் லேசுப்பட்டவர் இல்ல. 1908ல ஸ்காட்லாந்துல இருக்கிற பேர்போன கோல்ஃப் கிளப், செயின்ட் ஆண்ட்ரூஸ் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்புக்கே கேப்டன் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆங்கிலேயர்!

மாணிக்கம்: அப்ப விதியை மாத்தலையா?

தணிகாசலம்: மாத்தல. சரி, சட்டையைக் கொடு. சாயங்காலம் ஒரு விசேஷத்துக்குப் போகணும்.

மாணிக்கம்: இதோட முப்பத்தொன்பது சார். நான் இன்னையில இருந்து தொழில்முறை.

தணிகாசலம்: சில்லறை எடுத்துட்டு வரலையேப்பா.

மாணிக்கம்: ஜிபே அட்டை தொங்குது பாருங்க.

தணிகாசலம்: போன் வீட்டுல சார்ஜ்ல கிடக்கு.

மாணிக்கம்: பரவாயில்ல, மெதுவா எடுத்துட்டு வாங்க. அது வரைக்கும் தடிக்காரர் எங்கூட இருக்கட்டும்.