கைதட்டியவர்களிடம் சில வார்த்தைகள்

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அந்த மனிதர் பேசியதைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். நம் ஆட்கள் கைதட்டியதை மட்டும் யாரும் எழுதவில்லை. கடல்பாசிப் பொடி எச்.ஐ.வி.யைக் கொல்லுமாம், அந்த வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.வி. மாத்திரையே வேண்டாமாம். இதைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நின்றுகொண்டு சொல்கிறார்!

கடல்பாசியில் ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் காராஜீனன் வைரஸின் மேல் ஒட்டிக்கொண்டு, அது நம் செல்லைப் பற்றவிடாமல் தடுக்கிறது, ஆய்வகத்தில் பலமுறை பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஆய்வகத்தில் வைரஸைத் தடுப்பது வேறு, மனிதரைக் காப்பாற்றுவது வேறு. இதை டர்பன் பக்கத்தில் இருக்கும் நம் இசிப்பிங்கோவிலேயே சோதித்தார்கள். இசிப்பிங்கோ, சோஷங்குவே, குகுலெத்து மூன்று இடங்களிலும் சேர்த்து 6,202 பெண்கள், 2004 முதல் 2007 வரை. பாதிப் பேருக்கு உறவுக்கு முன் பெண்ணுறுப்பில் போடும் காராகார்ட் என்ற காராஜீனன் ஜெல், பாதிப் பேருக்கு மருந்தில்லாத ஜெல். காராகார்ட் போட்ட பக்கம் 134 பேருக்குத் தொற்று, மருந்தில்லாத பக்கம் 151. இதை வைத்துப் பலன் உண்டென்று சொல்ல முடியாது என்பதுதான் முடிவு.

ஒழுங்காகப் போட்டிருந்தால் பலித்திருக்கும் என்பீர்கள். ஆமாம், உறவு கொண்ட தடவைகளில் 42 சதவீதத்தில்தான் போட்டார்கள். சரி, மறுபடி சோதிக்கட்டும். ஆனால் அது தொற்று வராமல் தடுக்கப் போடும் ஜெல். ஏற்கெனவே ரத்தத்தில் வைரஸ் இருப்பவர் விழுங்கும் பொடிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சித்த வைத்தியத்தை அவமதிக்கிறாய் என்று ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். இல்லை அண்ணா, நான் அதைப் பேசவே இல்லை.

இயற்கைக்கு எதிரி என்கிறீர்களே, அதுதான் வலிக்கிறது. என் சின்ன மாமாவும் இயற்கையைத்தான் நம்பினார். மாத்திரை கையில் கிடைத்த பிறகும், யாரோ கொடுத்த பொடியை நம்பி நிறுத்தினார். கடைசி மாதங்களில் அவரைத் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டியது என் அம்மா. சாவுக்கு வந்தவர்களிடம் டிபி என்று சொன்னோம். இன்றைக்கும் நம் வீடுகளில் அப்படித்தான் சொல்கிறோம், கிளினிக் வரிசையில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நடுங்குகிறவருக்கு வீட்டு வாசலுக்கே வரும் பொடி டப்பா எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், அந்தப் பயத்தை நாம்தான் கொடுத்தோம், பொடி விற்பவர் அல்ல.

அந்தப் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தியவர் யாராவது இருந்தால் நாளைக் காலையே கிளினிக்குக்குப் போங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் இன்பாக்ஸில் எழுதுங்கள், நான் கூட வருகிறேன்.