தொழுகைக்குப் போன தம்பியும் நம்முடைய அதிகார எதிர்ப்பும்

ஞாயிற்றுக்கிழமை நம் அனார்க்கிச (அரசோ ஆள்பவரோ வேண்டாம் என்கிற கொள்கை) வாசிப்பு வட்டத்தில் நடந்ததை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்கள் ஸ்கிரீன்ஷாட் பார்த்திருப்பீர்கள். அஸர் தொழுகைக்காகக் கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வந்த தம்பியைப் பார்த்து, "அனார்க்கிஸ்டுக்கு எதுக்குப்பா ஆண்டவன்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவன் பதில் சொல்ல வாயெடுத்ததும், "முதல்ல கடவுளை விட்டுட்டு வா, அப்புறம் பேசலாம்" என்றார்கள். அன்று இரவே வாட்ஸாப் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். யாராவது வருத்தம் தெரிவிப்பார்கள் என்று காத்திருந்தேன். வந்தது வருத்தம் இல்லை. நம்பிக்கை உள்ளவர்களுக்கு அனார்க்கிசத்தில் இடமே கிடையாது என்று நீளமான விளக்கப் பதிவு வந்திருக்கிறது. அதற்கு எத்தனை லைக்!

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அனார்க்கிஸ்டின் சண்டை அதிகாரத்தோடு. தானாக மண்டியிடுகிறவனைப் பிடித்து எழுப்புவது நம் வேலை கிடையாது. அடுத்தவனை மண்டியிட வைக்கிறானே, அவனைத் தடுப்பதுதான் வேலை. அந்தத் தம்பி யாரை மண்டியிட வைத்தான்?

"பக்கூனினைப் படித்ததில்லையா?" என்று கேட்கிறார்கள். அனார்க்கிசத்தின் முன்னோடியான அந்த ரஷ்யரைப் படித்திருக்கிறேன். அவர் 1871இல் எழுதி முடிக்காமல் விட்ட பக்கங்கள்தான், இறந்து ஆறு ஆண்டு கழித்து, 1882இல் 'கடவுளும் அரசும்' என்ற நூலாக வந்தன. கடவுள் இருந்தால் மனிதன் அடிமை என்று அதில் வாதிடுகிறார். 1868இல் அவர் தொடங்கிய அமைப்பு தன்னை நாத்திக அமைப்பு என்றே அறிவித்துக்கொண்டது. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டே ஜெனிவாவில் வெளியான எகாலிதே பத்திரிகையில், முதலாம் அகிலம் என்ற பன்னாட்டுத் தொழிலாளர் சங்கத்தின் கொள்கை பற்றி அதே பக்கூனின் எழுதியதை ஏன் யாரும் எடுத்துக்காட்டுவதில்லை? புதிதாகச் சேர வருகிறவனிடம் நீ ஆத்திகனா நாத்திகனா என்று அகிலம் கேட்பதில்லை என்கிறார். நீ தொழிலாளியா, சக தொழிலாளர்களோடு நிற்பாயா, அதுதான் கேள்வி. நாத்திகத்தை நிபந்தனையாக வைத்தால் தொழிலாளர்களில் பெரும்பகுதி வெளியில் நின்றுவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. போராட்டத்தில் இறங்கினால் நம்பிக்கை தானாக உதிர்ந்துவிடும் என்று நினைத்தார். அதில் எனக்கு உடன்பாடு இல்லை, போகட்டும். வாசலில் நிறுத்தி வைத்து அவர் யாரையும் விசாரிக்கவில்லை. நாம் விசாரித்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே 'கடவுளும் அரசும்' நூலில், அறிவாளிகள் கையில் ஆட்சியைக் கொடுத்தால் அதுவும் கொடுங்கோன்மையாகத்தான் முடியும் என்று பக்கம் பக்கமாக எச்சரிக்கிறார். நமக்குத்தான் தெரியும், இவனுக்குத் தெரியாது, இவனைத் திருத்திவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும் என்ற அந்த மனநிலை. ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்தது அதைத்தான்.

பக்கூனின் மட்டும்தான் அனார்க்கிசமா? டால்ஸ்டாயை எங்கே வைப்பது? ராணுவம், நீதிமன்றம், வரி, தனியுடைமை எல்லாவற்றையும் அவர் மறுத்தது ஏசுவின் மலைப்பொழிவைப் படித்துவிட்டுத்தான். 1901இல் ரஷ்யத் திருச்சபை அவரை விலக்கி வைத்தது. நம் தோழர்களும் அவரை விலக்கித்தான் வைத்திருப்பார்கள் போல. 1895இல் காகசஸில் துகபோர்கள் என்ற கிறித்தவ விவசாயிகள், கொலை செய்ய மாட்டோம், ஜாரின் படையில் சேர மாட்டோம் என்று தங்கள் ஆயுதங்களைக் குவித்து எரித்தார்கள். கசையடி விழுந்தது, சொந்த மண்ணை விட்டுத் துரத்தினார்கள். அவர்கள் கனடாவுக்குக் கப்பலேறப் பணம் வேண்டும் என்பதற்காகவே டால்ஸ்டாய் 'புத்துயிர்ப்பு' நாவலை எழுதி முடித்தார். 1899இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கனடா போய்ச் சேர்ந்தார்கள். ஒரு பேரரசைப் பார்த்து முடியாது என்று சொன்னவர்கள் அவர்கள். சொன்னது செபம் பண்ணிவிட்டு.

1908இல் தாரக்நாத் தாஸ் என்ற இந்தியப் புரட்சியாளருக்கு டால்ஸ்டாய் எழுதிய கடிதத்தில் நம் குறள் இருக்கிறது. இன்னா செய்யாமை அதிகாரத்திலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார். "இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயம் செய்து விடல்." அரசின் வன்முறையை எதிர்க்க ஒரு ரஷ்யக் கிழவருக்கு வள்ளுவர் தேவைப்பட்டார். அவரை நம் குழுவில் சேர்ப்பீர்களா?

சரி, என் கதைக்கு வருகிறேன். "சிஸ்டர், நீங்க சர்ச் ஆளு, அப்படித்தான் பேசுவீங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆமாம், கோயிலுக்குப் போகிறவள்தான். அந்தக் கோயிலின் அதிகாரத்தை அனுபவித்து வளர்ந்தவளும்கூட.

என் அம்மாச்சி இறந்தபோது நான் பத்தாம் வகுப்பு. கடற்கரை ஊர். மீன்பாடு இல்லாத காலம், கோயில் வரி பாக்கி இருந்தது. பாக்கியைக் கட்டினால்தான் துக்க மணி அடிக்கும், சாமியார் வருவார் என்று சொல்லிவிட்டார்கள். மாமா யார் யார் வீட்டுக்கோ போய்க் கேட்டுப் பார்த்தார். பணம் புரளவில்லை. மதியம் தாண்டியும் அம்மாச்சி திண்ணையிலேயே கிடந்தாள். மேரி மாதா படத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டு என் அம்மா யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அம்மாச்சியோடு கூடை தூக்கி மீன் விற்ற பெண்கள் தாங்களாகவே செபமாலையைத் தொடங்கினார்கள். வேலை போய்விடும் என்று தெரிந்தும் வயதான உபதேசியார் வந்து அடக்கச் செபம் சொன்னார். பையன்கள் கல்லறைத் தோட்டத்துக் கதவுக்குச் சாவி கேட்கவில்லை. கீலைக் கழற்றிக் கதவையே ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுக் குழி வெட்டினார்கள். இருட்டுவதற்குள் அடக்கம் முடிந்தது.

அந்தப் பெண்கள் யாரும் பக்கூனின் பெயரைக் கேட்டதில்லை. கடவுளை அவர்கள் விட்டுவிடவும் இல்லை. மாதா நம்ம மாதா, அவளிடம் பேச எவன் அனுமதியும் வேண்டாம் என்ற நம்பிக்கைதான் அவர்களை அந்தக் கதவுவரை கொண்டுபோனது. அனார்க்கிசம் என்று பின்னாளில் புத்தகங்களில் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான். அவர்களைப் பார்த்து, முதலில் கடவுளை விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லும் துணிச்சல் உங்களில் யாருக்கு இருக்கிறது?

அமெரிக்கப் பத்திரிகையாளர் டோரதி டேயை நான் பிடித்துக்கொண்டதும் இதனால்தான். 1927இல் கத்தோலிக்கத்தில் சேர்ந்தவர். 1933 மே தினத்தன்று நியூயார்க் யூனியன் சதுக்கத்தில் கத்தோலிக்கத் தொழிலாளி பத்திரிகையை ஒரு சென்ட் விலைக்கு விற்கத் தொடங்கினார். கடைசிவரை பூசைக்குப் போனார், கடைசிவரை தன்னை அனார்க்கிஸ்ட் என்றார். 1949இல் நியூயார்க்கில் திருச்சபையின் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நியூயார்க் பேராயர் கர்தினால் ஸ்பெல்மன் என்ன செய்தார் தெரியுமா? குருமட மாணவர்களைக் கூட்டிவந்து குழி வெட்ட வைத்தார். டோரதியின் ஆட்கள் கர்தினாலுக்கு எதிராகத் தொழிலாளர்களோடு மறியலில் நின்றார்கள். 1973இல், எழுபத்தைந்து வயதில், கலிபோர்னியப் பண்ணைத் தொழிலாளர்களோடு நின்று சிறைக்குப் போனார். இந்தப் பெண்மணிக்கு நம் கூட்டத்தில் நாற்காலி கிடையாது. சரியா?

"ஸ்பெயினை மறந்துவிட்டாயா?" என்பார்கள். மறக்கவில்லை. அனார்க்கிஸ்ட் கல்வியாளர் பிரான்சிஸ்கோ பெரர் அங்கே திருச்சபையின் பிடியில் இல்லாத பள்ளிக்கூடம் நடத்தினார். பார்சிலோனா கலவரத்தை அவர் தலையில் கட்டி 1909இல் சுட்டுக் கொன்றார்கள். உள்நாட்டுப் போரின்போது ஆயர்கள் 1937இல் கூட்டறிக்கை விட்டு, குடியரசைக் கவிழ்க்கப் போரிட்ட தளபதி பிராங்கோ பக்கம் நின்றார்கள். அந்தத் திருச்சபைமீது மக்களுக்கு வந்த கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் போரில் குடியரசுப் பகுதியில் கொல்லப்பட்ட 6,800க்கும் மேற்பட்ட குருக்கள், துறவிகள், கன்னியாஸ்திரிகளைப் பெருமையோடு நினைவுகூரும் மீம் ஒன்றை நம் குழுவில் போட்டபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. என் சித்தி ஒரு கன்னியாஸ்திரி. தொழுநோயாளிகளுக்குக் கட்டுப் போட்டே முதுமையடைந்தவள். அந்த மீமைப் பார்த்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை. இதை இப்போதுதான் சொல்கிறேன்.

சாதியைக் காப்பது மதம்தானே என்ற கேள்வி இருக்கிறது. அது உண்மையான கேள்வி. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கிறித்தவர்களைப் பிரிக்கக் கட்டிய சுவர் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் சாதியை உதறவே அம்பேத்கர் 1956இல் நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவியதையும் இந்தக் கேள்வி கேட்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும்.

இனி, உண்மையில் என்னை உறுத்துவதைச் சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜை முடிந்த வாரம் ஒரு தோழர் பைக்கில் சந்தனமும் குங்குமமுமாக வந்தார். "வீட்ல அம்மா வச்சது" என்றார். எல்லோரும் புன்னகைத்தோம், டீ குடித்தோம். கிறிஸ்துமஸுக்கு நான் கொண்டுவந்த கேக்கைப் பகிர்ந்து தின்றோம். கொள்கை அப்போதெல்லாம் எங்கே போயிருந்தது? இந்தத் தம்பி எழுந்து போனபோது மட்டும் எப்படி விழித்துக்கொண்டது? இன்று இந்த நாட்டில் தெருவில் தொழுதால் வழக்கு, வாடகைக்கு வீடு இல்லை, பெயரைச் சொன்னாலே பார்வை மாறுகிறது. அதையெல்லாம் தாண்டி நம்மைத் தேடி வந்தவன் அவன். இங்கேயும் அதே பார்வை.

நூறு ஆண்டுக்கு முன் லண்டன் கிழக்கு முனையில் யூத அனார்க்கிஸ்டுகள் சிலர், பக்தர்கள் நோன்பிருக்கும் யோம் கிப்பூர் நாளில் வேண்டுமென்றே விருந்தும் நடனமும் நடத்தி அவர்களைச் சீண்டினார்கள். அந்த அனார்க்கிஸ்டுகள் பெரிதும் மதித்த ஜெர்மானியத் தோழர் ருடால்ப் ராக்கர் அதை ஏற்கவில்லை. தொழ வேண்டியவர் தொழுமிடத்துக்குப் போகட்டும், நாம் நம் கூட்டத்துக்குப் போவோம் என்பதுதான் அவர் நிலை. அந்த ராக்கர்தான் 1912இல் ஆயிரக்கணக்கான யூதத் தையல் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்தில் திரட்டி வெற்றியும் பெற்றுத் தந்தவர். அதே ஆண்டு துறைமுகத் தொழிலாளர்கள் பட்டினி கிடந்தபோது, அந்த யூதக் குடும்பங்கள்தான் அவர்களின் பிள்ளைகளைத் தங்கள் வீடுகளில் வைத்துச் சோறு போட்டன. சாப்பாட்டுக்கு முன் செபம் சொன்ன வீடுகளும் அவற்றில் இருந்திருக்கும்.

கடைசியாக, அட்மின் தோழர்களிடம் ஒரு கேள்வி. தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, எல்லா முடிவும் கூடிப் பேசித்தான் என்று நாம் ஒப்புக்கொண்டிருக்கிறோம். அந்தத் தம்பியை நீக்கும் முடிவை எந்தக் கூட்டத்தில் எடுத்தோம்? என்னை யாரும் கேட்கவில்லை. நான் விசாரித்தவரை வேறு யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவனையும் கேட்கவில்லை. யார் முடிவெடுத்தது என்று குழுவிலேயே எழுதுங்கள். பதில் வரும்வரை நான் கூட்டத்துக்கு வரப் போவதில்லை.