கவுன்சலிங் போனது டிசியில் வராது
அண்ணே, '14417 உதவி எண்ணுக்குப் பேசினாலோ பள்ளியில் மனநலக் கவுன்சலிங் போனாலோ அது பிள்ளையின் டிசியில் ஏறும், கல்லூரியில் இடம் கிடைக்காது' என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. நம் மாநில மாற்றுச் சான்றிதழில் அதற்கென்று ஒரு கட்டமே கிடையாது.

வீட்டில் மூத்த பிள்ளையின் டிசி இருந்தால் எடுத்துப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, சாதி, அங்க அடையாளம், படித்த வகுப்பு, நடத்தை என்று போகும். 'மருத்துவ ஆய்வு' என்ற வரியைப் பார்த்துத்தான் பலருக்கும் பயம் வருகிறது என்று நினைக்கிறேன். அது பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நடக்கும் பொதுப் பரிசோதனை. கவுன்சலிங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சந்தேகம் தீரவில்லையென்றால் தலைமையாசிரியரிடம் வெற்றுப் படிவத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

14417 பள்ளிக் கல்வித் துறையின் கட்டணமில்லா எண். பரீட்சை பயம், பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்ற குழப்பம் எல்லாம் பேசலாம். பெற்றோரும் கூப்பிடலாம். குளச்சல் பக்கம் அப்பா நாள்கணக்கில் கடலில் இருக்கும் வீடுகளில் அம்மா தனியாகவே பிள்ளையைச் சமாளிக்கிறார். உங்கள் பதிவைப் படித்து அவர் போனை எடுக்கத் தயங்கிவிடக் கூடாது. முடிந்தால் மேலே உள்ள வரியைத் திருத்திவிடுங்கள் அண்ணே.