செகோன் ஆறு சேபரையும் வீழ்த்தினாரா? இல்லைங்க

1971 இந்தியா-பாகிஸ்தான் போர்ல இந்திய விமானப்படை பைலட் நிர்மல் ஜித் சிங் செகோன் மிக்-21 போர் விமானத்துல போய், தாக்க வந்த ஆறு பாகிஸ்தான் சேபர் போர் விமானத்தையும் மிசைலால வீழ்த்தினார்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது, தப்பு. அவர் ஓட்டினது நாட் (Gnat)ங்கற குட்டி போர் விமானம், அதுல மிசைலே கிடையாது, ரெண்டு 30 மி.மீ பீரங்கிதான். விமானப்படைல இதுவரை பரம்வீர் சக்ரா வாங்கின ஒரே ஆள், அவருக்கு எதுக்குங்க பொய்க் கணக்கு?

டிசம்பர் 14, ஸ்ரீநகர் ரன்வேல குண்டு விழுந்துட்டு இருக்கப்பவே டேக்-ஆஃப் பண்ணி ரெண்டு சேபரை விரட்டினார், ஒண்ணுல குண்டு பட்டுச்சு இன்னொண்ணு தீப்பிடிச்சுதுன்னுதான் விருதுக் குறிப்புலயே இருக்கு, பாகிஸ்தான் அதையும் மறுக்குது. அப்புறம் நாலு சேபருக்கு எதிரா தனியா, மர உச்சி உயரத்துல சண்டை, அவ்ளோ கீழ அடி வாங்கினா பாராசூட் விரியவே நேரம் இருக்காது, அதுலதான் அவர் இறந்தார்.