பில் எவர்லி பாடியதும் மெட்டுதான்

ஐம்பதுகளில் புகழ்பெற்ற அமெரிக்கப் பாட்டு ஜோடியான எவர்லி பிரதர்ஸ் பற்றி யார் எழுதினாலும் மூன்றாவது வரிக்குள் "அண்ணன் தம்பி இல்லையா, அதான் குரல் அப்படி ஒட்டுகிறது" என்று வந்துவிடும். அமெரிக்காவில் இதற்கு ரத்த ஹார்மனி என்று பெயரே வைத்திருக்கிறார்கள் (ஹார்மனி என்றால் வேறு வேறு ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலித்துப் பொருந்துவது). எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. கூடப் பிறந்தவர்கள் எத்தனையோ பேர் சேர்ந்து பாடுகிறார்கள், அதில் பாதிப்பேர் பாடுவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. ரத்தம் என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டால் அந்த இரண்டு பேரும் செய்த வேலை கண்ணில் படாமலே போய்விடுகிறது. குறிப்பாகத் தம்பி செய்த வேலை.

முதலில் யார் இவர்கள் என்று சுருக்கமாக. அண்ணன் டான், 1937ல் கென்டக்கி மாநிலத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் பிறந்தவர். தம்பி பில், 1939ல் சிகாகோவில். அப்பா ஐக் எவர்லி சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர், கிடாரில் பெரிய கை. நாற்பதுகளில் குடும்பம் அயோவா மாநிலத்தில் ஷெனண்டோவா என்ற சின்ன ஊருக்குப் போய், அங்கே உள்ளூர் வானொலியில் அப்பா, அம்மா, இரண்டு பையன்கள் என்று நாலு பேரும் பாடினார்கள். பையன்கள் காலையில் பாடிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவார்கள். 1957ல் 'பை பை லவ்' வெளிவந்தபோது (பலபேர் வேண்டாம் என்று தள்ளிய பாட்டு அது) டானுக்கு இருபது வயது, பில்லுக்குப் பதினெட்டு. அதற்குள் பத்து வருஷத்துக்கும் மேலாகச் சேர்ந்து பாடிப் பழகியவர்கள். இதை ரத்தம் என்று சொன்னால் அவர்களை விடியலில் எழுப்பி மைக் முன்னால் நிறுத்திய அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என்ன மரியாதை?

சரி, அப்படி என்னதான் பாடினார்கள். நம் ஊரில் சகோதரிகள் ஜோடியாகக் கச்சேரி செய்தால் இருவரும் ஒரே ஸ்வரத்தைப் பாடுவார்கள், இல்லை மாறி மாறிப் பாடுவார்கள். எவர்லிகள் ஒரே வார்த்தையை, ஒரே நேரத்தில், வேறு வேறு ஸ்வரத்தில் பாடுகிறார்கள். டான் மெட்டைப் பாடுகிறார். பில் அதற்கு மேலே, பெரும்பாலும் ஒரு ஸ்வரம் விட்டு அடுத்த ஸ்வரத்தில் நிற்கிறார். சங்கராபரணத்தின் ஸ்வரங்களை வைத்துப் பாருங்கள், டான் ச பிடித்தால் பில் க, டான் ரி என்றால் பில் ம, டான் க என்றால் பில் ப. இது ஏதோ நிழல் மாதிரி கூடவே வருவது என்று தோன்றும். கிடையாது. ச-வுக்கும் க-வுக்கும் நடுவே நாலு அரைஸ்வர தூரம் (பியானோவில் கறுப்பும் வெள்ளையுமாக அடுத்தடுத்து வரும் இரண்டு கட்டைகளின் இடைவெளி ஒரு அரைஸ்வரம்), ரி-க்கும் ம-வுக்கும் மூன்றுதான். அதாவது டான் ஒரு படி ஏறும்போது பில் ஏற வேண்டிய படியின் உயரம் வேறாக இருக்கிறது, ஒவ்வொரு அடியிலும் அந்த இடைவெளி சுருங்கி விரிந்துகொண்டே இருக்கிறது, இதை யோசித்து யோசித்துப் பாட முடியாது, தொண்டைக்கே தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் இன்னொரு சிக்கல். கிடாரில் ச-வை அடியாகக் கொண்ட கார்டு (ச, க, ப மூன்றும் சேர்ந்து வருவது) ஒலிக்கும்போது டான் ப-வில் நின்றால், கணக்குப்படி பில் நி பாட வேண்டும். நி அந்தக் கார்டோடு உரசும். அதனால் மேல் ச-வுக்குத் தாவ வேண்டும். இப்படித் தாவுகிற இடங்களில்தான் ஹார்மனி வெறும் ஒட்டுவேலையாக இல்லாமல் தனக்கென்று ஒரு போக்கை எடுத்துக்கொள்கிறது.

பில்லின் வரியை மட்டும் தனியாக எடுத்துப் பாடிப் பார்த்தால் அது முழு மெட்டாகவே நிற்கும். யாரிடமாவது பாடிக்காட்டி இதுதான் பாட்டு என்று சொன்னால் நம்பிவிடுவார்கள். சாதாரண பின்னணிக் குரல் வரிகளை இப்படித் தனியாக எடுத்தால் பாதி இடங்களில் ஒரே ஸ்வரத்தில் தேமே என்று நின்றுகொண்டிருக்கும்.

தம்புரா பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ச, ப மட்டும்தான் தந்தியில் சேர்த்திருப்போம், ஆனால் ஸ்ருதி சுத்தமாகச் சேர்ந்துவிட்டால் யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் தானாகக் கேட்கும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். அதிர்வுக் கணக்கில் அது ச-வோடு ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் இருக்கிறது. பியானோவின் காந்தாரம் இதைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அது பியானோ சுருதி சேர்க்கும் முறையின் சமரசம். இரண்டு நல்ல குரல்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே பாடும்போது பியானோவின் இடத்தை விட்டு அந்தச் சுத்தமான இடத்தை நோக்கி நகரப் பார்க்கும். அங்கே போய் உட்கார்ந்தால் உரசல் அடங்கி ஒரு மினுமினுப்பு வருகிறது பாருங்கள், அதற்காகத்தான் இத்தனை பேர் இத்தனை வருஷமாக உயிரை விடுகிறார்கள். ராக் அண்ட் ரோல் என்றாலே டிரம்ஸும் கூச்சலும்தான் என்று நினைக்கிற நம் சங்கீத ரசிகர்களிடம் நான் இதைத்தான் சொல்லுவேன், உங்களுக்கு இந்தச் சுகம் ஏற்கனவே தெரியும், இங்கே அது இரண்டு பையன்களின் தொண்டையிலிருந்து வருகிறது, அவ்வளவுதான்.

ஸ்வரம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. உயிரெழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் 'ஆ'வை அகலமாகத் திறந்து இன்னொருவர் பாதி 'ஓ'வாகக் குவித்தால் ஸ்ருதி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இரண்டு குரல்களாகத்தான் கேட்கும். டானும் பில்லும் ஒரே வீட்டில் ஒரே கொச்சையைப் பேசி வளர்ந்தவர்கள், 'ஐ' என்பதைத் தெற்கத்திப் பாணியில் 'ஆ' பக்கம் இழுப்பதில்கூட இரண்டு பேரும் ஒரே அளவுதான் இழுப்பார்கள். ரத்தக் கட்சிக்காரர்களுக்கு நான் விட்டுக்கொடுக்கிற ஒரே இடம் இது. அதுவும் ரத்தம் கிடையாது, வளர்ப்பு.

1958ல் வந்த 'ஆல் ஐ ஹாவ் டு டூ இஸ் ட்ரீம்' கேளுங்கள். ஹெட்போனில். செட் அட்கின்ஸ் கிடாரில் நடுங்குகிற மாதிரி ஒரு கார்டு விடுகிறார், உடனே இரண்டு பேரும் 'ட்ரீம்' என்ற ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். முதல் 'ட்ரீம்' நீளமானது, 'ஈ' வளைந்து இறங்குகிறது, இரண்டு குரலும் ஒரே வேகத்தில் வளைகின்றன. அதைவிட முக்கியம் கடைசி 'ம்'. இரண்டு வாயும் ஒரே கணத்தில் மூடுகின்றன. ஒருவர் கொஞ்சம் முந்தினாலும் அந்த மயக்கம் உடைந்துவிடும். பாட்டின் மொத்த நீளமே இரண்டரை நிமிஷத்துக்குள்தான், அதற்குள் எத்தனை 'ம்' வருகிறது என்று பாருங்கள், ஒன்றுகூடத் தவறாது. வரிகள் என்னவோ சாதாரணக் காதல் வரிகள்தான், அதில் எனக்குப் பெரிய மோகம் இல்லை.

'கேத்திஸ் க்ளவுன்' வேறு ரகம். 1960ல் வார்னர் பிரதர்ஸ் கம்பெனிக்கு மாறியதும் வந்த பாட்டு, அமெரிக்காவில் ஐந்து வாரம், பிரிட்டனில் ஏழு வாரம் முதலிடம். இதில் பில் கூடவே நடப்பதில்லை. பல்லவியில் டானின் மெட்டு படிப்படியாகக் கீழே இறங்குகிறது, பில் மேலேயே ஒரே இடத்தில் பிடிவாதமாக நிற்கிறார், இரண்டுக்கும் நடுவே இடைவெளி விரிந்துகொண்டே போகிறது, ஏதோ வலிக்கிறது. சரணத்தில் டான் தனியாகப் பாடும்போது தம்பி இல்லாத வெறுமை நன்றாகவே தெரியும், அப்புறம் பல்லவி திரும்பும்போது மறுபடியும் அதே வலி. லிவர்பூலில் இரண்டு பையன்கள் இதைக் கேட்டு மனப்பாடம் செய்தார்கள். பீட்டில்ஸின் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'யில் லெனன் இறங்க மெக்கார்ட்னி மேலேயே நிற்பது இதே வித்தைதான், மெக்கார்ட்னியே அதைச் சொல்லியிருக்கிறார்.

லெனனும் மெக்கார்ட்னியும் என்ன சகோதரர்களா? நியூயார்க் குயீன்ஸில் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்த சைமனும் கார்ஃபங்கலும் பள்ளிக்கூட நண்பர்கள், எவர்லிகளைக் காப்பியடித்துத்தான் 1957ல் டாம் அண்ட் ஜெர்ரி என்ற பெயரில் முதல் இசைத்தட்டே போட்டார்கள். அதைவிடப் பெரிய சாட்சி டூ-வாப் குழுக்கள். நாலைந்து கறுப்பினப் பையன்கள், தெருமுனையில், எதிரொலி நன்றாக வரும் என்று மாடிப்படி அடியில், வாத்தியம் வாங்கக் காசில்லாமல் வாயாலேயே பேஸையும் தாளத்தையும் போட்டுப் பாடிப் பாடித் தேய்த்த ஹார்மனி அது. ஃபைவ் சாட்டின்ஸ் 1956ல் 'இன் த ஸ்டில் ஆஃப் த நைட்' பாட்டை கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் பதிவு செய்தார்கள், அந்த அறையின் ஈரமான முழக்கம் இன்னும் அந்தப் பதிவில் கேட்கிறது. இவர்களை அண்ணன் தம்பி என்று யாரும் சொல்லவில்லை. 1954ல் ப்ராங்ஸ் பையன்கள் சேர்ந்த கார்ட்ஸ் குழு 'ஷ்-பூம்' பாடியது, சில வாரங்களிலேயே க்ரூ-கட்ஸ் என்ற வெள்ளைக்காரக் குழு அதையே பாடி முதலிடம் பிடித்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். க்ரூ-கட்ஸ் பதிவில் ஸ்ருதிக் குறை ஒன்றும் இல்லை, இஸ்திரி போட்ட சட்டை போல இருக்கிறது, ஆள்தான் உள்ளே இல்லை.

ரத்தக் கட்சிக்காரர்கள் இப்போது 1983ஐ எடுத்துக்கொண்டு வருவார்கள், தெரியும். 1973 ஜூலையில் கலிபோர்னியாவில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் மேடையில் பில் கிடாரை உடைத்துவிட்டு இறங்கிப் போனார், மீதிக் கச்சேரியை டான் தனியாக முடித்தார். அப்புறம் பத்து வருஷம் கிட்டத்தட்டப் பேச்சுவார்த்தையே இல்லை. 1983 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மறுபடி சேர்ந்து நின்றார்கள், குரல்கள் விட்ட இடத்திலேயே போய் உட்கார்ந்தன. பார்த்தாயா, ரத்தம்! என்பார்கள். எனக்கு அதே சம்பவம் எதிர்ப்பக்கம்தான் பேசுகிறது. மனசு ஒட்டாதபோதும் குரல் ஒட்டுகிறது என்றால் அது பாசத்தால் வந்தது இல்லை, பயிற்சியால் வந்தது. பழைய டிவி பதிவுகளில் பில்லின் கண்களைக் கவனியுங்கள், அடிக்கடி டானின் முகத்துக்குப் போகும். மெட்டு பாடுகிறவர் இஷ்டப்பட்ட இடத்தில் இழுக்கலாம், தள்ளலாம். மேல்வரி பாடுகிறவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை, அண்ணன் மூச்சை இவர் முன்கூட்டியே படித்தாக வேண்டும். கோபத்தில் இருக்கும்போதும்.

ஒரு கிளைக்கதை. 'கேத்திஸ் க்ளவுன்' எழுதியவர்கள் என்று முதலில் இரண்டு பேர் பெயரும் இருந்தது. 1980ல் பில் தன் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். 2014ல் அவர் இறந்த பிறகு அது வழக்காகி, 2021ல் தீர்ப்பு டான் பக்கம் வந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் டானும் போய்விட்டார். யார் எழுதியது என்பது நீதிமன்றம் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், பார்த்துவிட்டது. ஆனால் மேலே நிற்கும் அந்த ஒரு குரல் இல்லாமல் அந்தப் பல்லவியை நினைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

இப்போதெல்லாம் ஒரே பாடகர் எட்டு டிராக்கில் தனக்குத்தானே ஹார்மனி பாடி, எல்லாவற்றையும் மென்பொருளில் ஸ்ருதி நேராக்கி அடுக்கிவிடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, பழைய தாத்தா மாதிரி புலம்ப எனக்கு ஆசையில்லை. என் புகார் ஒன்றுதான். மென்பொருள் எல்லா ஸ்வரத்தையும் பெரும்பாலும் பியானோவின் இடத்துக்கே இழுத்து வைக்கிறது. இரண்டு பேர் ஒருவரையொருவர் கேட்டு நகர்ந்துபோகிற அந்தச் சுத்தமான காந்தாரம் அப்படி வராது.

ஒரு வேலை செய்யுங்கள். 'ட்ரீம்' பாட்டைப் போட்டு, டானோடு இல்லாமல் பில்லோடு சேர்ந்து பாட முயலுங்கள். பெரும்பாலோர் இரண்டாவது வரிக்குள் தெரியாமலே டானின் மெட்டுக்கு வழுக்கி விழுந்துவிடுவார்கள். விழுந்தவர்கள் கமெண்டில் வந்து ரத்தம் பற்றிப் பேசக் கூடாது.