பாலம் இல்லாத தீவு

கம்பர்லேண்ட் தீவுக்குப் போய் வந்து ஒரு வாரம் ஆகிறது. பையை உதறினால் இன்னும் மணல் கொட்டுகிறது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கரையோரம், சுமார் 28 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிற மணல் தீவு. செயின்ட் மேரிஸ் ஊரிலிருந்து படகில் முக்கால் மணி நேரம். தீவில் கடை கிடையாது. சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு போய், குப்பையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை பேருக்குத்தான் இடம் என்று வரம்பு உண்டு; வெகு காலம் அது 300. திரும்பும்போது படகில் பக்கத்தில் இருந்தவர், "இவ்வளவு அழகான இடத்தில் ஒரு பாலம் போட்டு, நாலு ஓட்டல் கட்டக் கூடாதா?" என்று அலுத்துக்கொண்டார். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

கடலுக்குப் போகிற வழியில் மணல்மேட்டோரம் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். நெய்தல் பாட்டில் படித்த அடும்பங்கொடிக்குப் பங்காளி மாதிரி ஒரு கொடி தரையோடு படர்ந்திருந்தது. மேலே இடுப்பு உயரத்துக்குக் கடல் ஓட்ஸ் என்கிற புல். காற்று அடிக்கும்போது மணல் வந்து அந்தத் தண்டில் மோதி, வேகம் குறைந்து, அடியிலேயே உதிர்ந்துவிடுகிறது. மூட மூடப் புல் மேலே வளரும், கூடவே மேடும் வளரும். அந்தப் பெரிய மேடு முழுக்க இப்படி ஒவ்வொரு பொடியாகச் சேர்ந்ததுதான். புல்லை மிதித்து அழித்தால் மேடு கரைந்துவிடும்.

கரைக்கு முன்னால் நீளவாக்கில் கிடக்கும் இது போன்ற மணல் தீவுகளைத் தடுப்புத் தீவுகள் என்பார்கள். அவை நின்ற இடத்தில் நிற்பதில்லை. புயல் வந்தால் அலை கடல் பக்கத்து மணலை வாரி, தீவின் முதுகைத் தாண்டிப் பின்பக்கச் சதுப்பில் போடுகிறது. தீவு கரையை நோக்கி மெல்லப் புரண்டு படுக்கிறது. கட்டடத்துக்குப் புரளத் தெரியாதே! வட கரோலினாவின் ஹேட்டரஸ் தீவில் 1870இல் கட்டிய கலங்கரை விளக்கத்தைக் கடல் நெருங்கிவிட்டது. 1999இல் அதை அப்படியே பெயர்த்து, சுமார் 880 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். ஓட்டல்களையும் இப்படி ஒவ்வொன்றாக நகர்த்துவோமா?

அப்புறம் ஆமைகள். பெருந்தலை ஆமை இங்கே ஏறி வந்து முட்டையிடுகிறது. கம்பு நட்டு அடையாளம் வைத்த கூடு ஒன்றைப் பார்த்தேன். குஞ்சுகள் இரவில் வெளியே வந்ததும், வெளிச்சமான தொடுவானம் எதுவோ அதை நோக்கித்தான் ஓடும். இருட்டுக் கரையில் அது கடல். ஓட்டல் விளக்கு எரிந்தால் நேரே அதை நோக்கிப் போய்ச் சாகும்.

படகில் பக்கத்தில் இருந்தவருக்கு வந்த யோசனை புதிதும் அல்ல. தென் கரோலினாவின் ஹில்டன் ஹெட் தீவை விடுதி ஊராக்கிய சார்லஸ் ஃபிரேசர் 1968இல் இங்கேயும் நிலம் வாங்கினார். எதிர்ப்பு கிளம்பியது, நிலத்தை விற்றுவிட்டுப் போனார். 1972இல் தீவு தேசியப் பூங்காத் துறையிடம் வந்தது. அன்றைக்கு எதிர்த்தவர்கள் புண்ணியத்தில்தான் நான் அந்த மேட்டோரம் நின்றேன்.

2022இல் அதே துறை, 300 என்ற வரம்பை இரு மடங்குக்கும் மேலாக உயர்த்த ஒரு வரைவுத் திட்டம் கொண்டுவந்தது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. எல்லோரும் பார்க்க வேண்டிய இடம்தான், சரி. வரிசையில் காத்திருந்து பார்ப்போம். அடுத்த முறை எனக்கே படகில் இடம் கிடைக்காவிட்டாலும் இதைத்தான் சொல்வேன்.